வார்டுக்குள் வந்த ஆத்தா

"சிஸ்டர்! இது ஆஸ்பத்திரியா, கோயில் வாசலா? முதல்ல அந்தம்மாவை வெளியே கூட்டிட்டுப் போங்க!"

டாக்டர் பவானி கத்திய கத்தலுக்கு நர்ஸ் நகரவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து கும்பிட்டார்கள்.

நடுவில் அக்கம்மாள் கூந்தலை அவிழ்த்துப் போட்டு ஆடிக்கொண்டிருந்தாள். கட்டிலில் கிடந்தவர் அவள் புருஷன் மொக்கைச்சாமி. ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர்.

பவானியின் ஆத்திரத்தில் நியாயம் இருந்தது. மலக்குடலில் இருந்த புற்றுக்கட்டியை வெட்டி எடுத்து, குடலின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தவள் அவள்தான். தைத்த இடம் இப்போது கசிய ஆரம்பித்துவிட்டது. காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. வயிறு கல்லாக இறுகிவிட்டது. உடனே வயிற்றைத் திறந்து கழுவ வேண்டும். குடலின் ஒரு பகுதியை வயிற்றுக்கு வெளியே எடுத்து வைத்து, மலம் ஒரு பையில் சேரும்படி செய்தால்தான் கீழே தையல் ஆறும். சில மாதம் கழித்து மறுபடி உள்ளே வைத்து மூடிவிடலாம்.

தேனி தனி மாவட்டம் ஆன புதிது. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓட நேரமில்லை. காலையிலிருந்து தொண்டை வற்றச் சொல்லியும் மொக்கைச்சாமி பிடித்த பிடியை விடவில்லை.

"வருசா வருசம் வீரபாண்டி ஆத்தாவுக்குத் தீச்சட்டி எடுக்கிறவன் டாக்டரம்மா நான். வயித்துல பீப்பையைக் கட்டிக்கிட்டு ஆத்தா முன்னால நிக்கச் சொல்றீகளா? அதுக்கு நான் செத்தே போறேன்."

அந்த நேரம் பார்த்துத்தான் இந்த ஆட்டம். ஏற்கெனவே ஒருத்தர் போதாதென்று இது வேறா?

"ஏலே!" அக்கம்மாள் போட்ட சத்தத்தில் வார்டே அதிர்ந்தது. "வந்திருக்கிறது யாருன்னு தெரியுதாடா?"

மொக்கைச்சாமி கைகளைக் குவித்தார். "ஆத்தா..."

"உனக்குக் குடலைக் குடுத்தது யாருடா?"

"நீதான் ஆத்தா."

"இத்தனை சித்திரைக்கும் அதை வயித்துக்குள்ள வச்சுக்கிட்டுத்தானடா என் வாசல்ல வந்து நின்ன? உள்ள இருந்தா எனக்கு ஆகும், வெளிய பையில இருந்தா ஆகாதா? எனக்கே தீட்டுச் சொல்லித் தர்றியா நீ? பையோட வாடா என் வாசலுக்கு! நீ சாம்பலாப் போயிட்டா என் சட்டியை யாருடா எடுக்கிறது? போடுடா கையெழுத்தை!"

மொக்கைச்சாமியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"உத்தரவு ஆத்தா" என்றார். நர்ஸ் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார்.

'ராப்பகலாப் படிச்ச படிப்புக்கு மதிப்பில்லை, அவிழ்த்துவிட்ட முடிக்கு இருக்கு' என்று பொருமிக்கொண்டே பவானி ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடினாள்.

உள்ளே போனதும் பொருமல் போன இடம் தெரியவில்லை. சீழை உறிஞ்சி எடுத்து, வயிற்றைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். நடுவில் ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கியது. "விட மாட்டேன்" என்று முகக்கவசத்துக்குள் முணுமுணுத்தபடியே குடலை வெளியே எடுத்துத் தைத்து, பையைப் பொருத்தினாள்.

வெளியே அக்கம்மாள் தலையை அள்ளி முடிந்துகொண்டு நின்றாள்.

"இன்னும் ரெண்டு மூணு நாள் கண்டம்தான். ஆனா தேத்திருவோம்" என்ற பவானிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏம்மா, டாக்டர் சொன்னாக் கேக்க மாட்டாரு, சாமி வந்து சொன்னாத்தான் கேப்பாரா?"

அக்கம்மாள் அக்கம்பக்கம் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"சாமி எங்க டாக்டரம்மா வந்துச்சு? எனக்கு ஒரு நாளும் வந்ததில்ல. நீங்க காலையில இருந்து படிச்சுப் படிச்சுச் சொன்னதைத்தான் ஆத்தா பேரைச் சொல்லி நான் சொன்னேன். எனக்கு அவுக உசுரு வேணும். வெளிய சொல்லிராதீக."

பவானிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆத்திரமெல்லாம் ஓடிப்போய் மதிப்புக்கூட வந்தது. சாமி பூதம் எதிலும் நம்பிக்கையில்லாத பலே கெட்டிக்காரி! சாமியை வைத்தே காரியத்தைச் சாதித்துவிட்டாளே!

காய்ச்சல் விட்டு, மொக்கைச்சாமி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்க ஆரம்பித்தார். ரவுண்ட்ஸ் வந்த பவானி, அக்கம்மாளின் ரகசியத்தைக் காப்பாற்றினாள்.

"எல்லாம் உங்க ஆத்தா புண்ணியம்!"

பையைச் சுத்தம் செய்ய அக்கம்மாள் வெளியே போயிருந்தாள். மொக்கைச்சாமி வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். தையல் வலிக்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எந்த ஆத்தா டாக்டரம்மா? அருள் வந்து ஆடுறவுக எப்படி இருப்பாகன்னு எனக்குத் தெரியாதா? குளுக்கோஸ் குழாயில கை பட்டுருமோன்னு ஒதுங்கி ஒதுங்கி ஆடுன சாமியை அன்னைக்குத்தான் பாத்தேன்."

பவானி திகைத்துப் போனாள். "தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்டீங்க?"

மொக்கைச்சாமியின் சிரிப்பு நின்றது. கண் கலங்கியது.

"பொய்யா அருளாடுனா ஆத்தா கண்ணைப் பறிச்சிரும்னு நம்புறவ அவ. தெரியாம ஆடிருவோமோங்கிற பயத்துல திருவிழாவுல கொட்டுச் சத்தம் கேட்டாலே என் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிருவா. எனக்காகக் கண்ணு போனாப் போகட்டும்னு ஆடுனா பாருங்க, அதுக்குத்தான் டாக்டரம்மா போட்டேன்."