ஊன்றுகோல் புதையாத கரை

முப்பத்தெட்டு வயதாகியும் பியூலா கடலைத் தொட்டதில்லை. எந்தக் கடற்கரைக்குப் போனாலும் நாலாவது எட்டில் ஊன்றுகோல் மணலுக்குள் புதைந்துவிடும். கணவன் ஜெபசிங் தூக்கிக்கொண்டு போகிறேன் என்பான். அவள் மாட்டேன் என்று காருக்கே திரும்பிவிடுவாள். அன்று வழி தவறிப் போய் நின்ற இடத்தில் பேருக்குக்கூட மணல் இல்லை. கரை முழுக்கச் சொரசொரப்பான தட்டைப் பாறை.

“இங்க என்னத்தப் பாக்க? ஒரே கல்லாக் கெடக்கு. வண்டிய எடுக்கட்டா?” என்றான் ஜெபசிங்.

அதற்குள் அவள் இறங்கி ஊன்றுகோலைப் பாறையில் வைத்திருந்தாள். டொக்கென்று நின்றது. அழுத்திப் பார்த்தாள், இறங்கவில்லை. அடுத்த எட்டு வைத்தாள், அதற்கடுத்ததும். இடுக்குகளில் ஓடிய நண்டுகளைத் தாண்டி, திரும்பியே பார்க்காமல் நடந்தாள்.

“பியூலா, நில்லு! நான் பிடிக்கேன்!”

செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தவன், கல் குத்தியதில் தத்தித் தத்தி வந்துகொண்டிருந்தான்.

“மெதுவா வாங்க, விழுந்திராதீங்க,” என்றாள் பியூலா.

சொல்லி முடிக்குமுன் பாறையில் மோதிய அலை ஆளுயரத்துக்கு எழும்பி அவளைத் தலையோடு நனைத்தது. வாயில் விழுந்த உப்புத் தண்ணீரைத் துப்ப மனமில்லாமல் விழுங்கிவிட்டு, சிரித்தபடி அடுத்த அலைக்கு முகத்தைக் காட்டி நின்றாள்.