ஆண் நரியின் கை

ஏழாவது இன்னிங்ஸ் தொடங்கப்போகிறது. மதிய வெயிலில் ரசிகர்கள் விட்ட பலூன்கள் சீறிக்கொண்டு மேலே போகின்றன. எங்கள் ஊர் பேஸ்பால் அணியின் சின்னமான நரி வேட ஜோடி, கைகோத்து மேடையில் ஆடுகிறது. ஆண் நரிக்குள் குராதா. நரியின் வாயில் தைத்த கறுப்பு வலை வழியாக அவருக்குத் தெரிவது கொஞ்சம் புல், கொஞ்சம் வானம், தன் கால் தெரியாது. பெண் நரியின் தலை சிறியது, அதற்குக் கீழேயும் தெரியும். முன்பெல்லாம் மேடையின் ஓரம் வந்ததும் பெண் நரிக்குள்ளிருந்து சுமியே என்பவள் அவர் கையை இரண்டு முறை அழுத்துவாள். வேடத்துக்குள் இருப்பவர்கள் பேசக் கூடாது என்பதால், ஆறு வருடமாக அவர்களுக்குள் அதுதான் பேச்சு. போன மாதம் சுமியே வேறு வேலை கிடைத்து நகோயாவுக்குப் போய்விட்டாள். இன்று உள்ளே இருப்பது ஒரு கல்லூரிப் பெண். கையை அழுத்தும்படி அவளிடம் குராதா சொல்லவில்லை. சொல்லிக் கேட்டு வாங்க அவருக்கு மனம் வரவில்லை. ஆடுகிறார், காத்திருக்கிறார், அடுத்த அடி வைக்கிறார். மேடை முடிந்துவிடுகிறது. வால் மேலே, தலை கீழே. அரங்கமே சிரிக்கிறது.

"பொண்டாட்டி தள்ளிவிட்டுட்டா போல," என்கிறார் பார்வையாளர் வரிசையில் பீர் குடிப்பவர்.

"நேத்து குடிச்சுட்டு வந்திருப்பான், உங்கள மாதிரி," என்கிறாள் அவர் மனைவி.

நரி எழுந்து, புழுதி தட்டி, கையசைக்கிறது. நிகழ்ச்சி பார்த்துக்கொள்ளும் ஹமானோ ஓடிவந்து நரியின் வாய் வலையருகே குனிகிறார்.

"குராதா சார், பிரமாதம். சுமியே இருந்தப்பகூட ஜனம் இப்படிச் சிரிச்சதில்ல. இனிமே தினமும் விழுந்துடுங்க."

நரி பேசக் கூடாது. அந்தப் பெரிய தலை இரண்டு முறை மேலும் கீழும் அசைகிறது.