ரெண்டு பேரும் சாப்பிடணும்

“ரெண்டு கருக்குழாயிலும் தண்ணி கோத்து அடைச்சிருக்கும்மா. அதான் இத்தனை வருஷமா கரு உண்டாகலை” என்றார் டாக்டரம்மா, ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி.

அவள் பக்கத்தில் இருந்த கணவனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கல்யாணமானதிலிருந்து மாமியார் வாயில் விழுந்து எழுந்துகொண்டிருப்பவள். “காய்க்காத மரத்துக்கு எத்தனை நாளைக்குத் தண்ணி ஊத்துறது?” என்று காலையில்கூடக் கேட்டுத்தான் அனுப்பினாள் மாமியார். அப்போதும் அவன்தான் பாய்ந்தான்.

“அம்மா, இன்னொரு வார்த்தை பேசினா நாங்க தனியாப் போயிடுவோம்!”

அப்படி ஒரு புருஷன். தெருவே சொல்லும். சொந்தமாக மருந்துக் கடை வேறு. பெண்டாட்டிக்குத் தலைவலி என்றால் போதும், கடையைப் போட்டது போட்டபடி விட்டு மாத்திரையோடு ஓடி வருவான். இவள் ஆஸ்பத்திரிப் படி ஏறியதே இப்போதுதான்.

“சரியாயிடுமா டாக்டர்?” என்று கேட்டாள்.

“அந்தத் தண்ணி கர்ப்பப்பைக்குள்ள கசிஞ்சு, கருவை ஒட்ட விடாதும்மா. ரெண்டு குழாயையும் எடுத்துட்டு, வெளியில கருவை உண்டாக்கி உள்ள வைக்கலாம். நம்பிக்கை இருக்கு.”

‘எடுத்துட்டு’ என்பதைத் தாண்டி அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

“இது எதனால வந்துச்சு?” என்றாள்.

டாக்டரம்மா பரிசோதனைத் தாளைப் புரட்டினார்.

“கிருமி. பரிசோதனையில தெரியுது. புருஷன் பெண்டாட்டி உறவுல, ஒருத்தர்கிட்டேர்ந்து இன்னொருத்தருக்கு ஒட்டுறது.”

குழாய் போகிற பயம் போய், அதைவிடப் பெரிய பயம் வந்து பிடித்தது. இனி இவர் என்னை என்னவென்று நினைப்பார்? மாமியார் காதுக்குப் போனால் ஊரையே கூட்டிவிடுவாளே!

“என்னங்க, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. உங்களைத் தவிர நான்…” முடிக்காமலே அழுதுவிட்டாள்.

அவனுக்கும் முகம் வெளுத்துத்தான் போயிருந்தது. ஆனாலும் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தான்.

“அழாத. எப்பவோ எப்படியோ வந்திருக்கும். நான் உன்னைச் சந்தேகப்படல. மன்னிச்சுட்டேன், போதுமா? அம்மாகிட்டயும் மூச்சு விட மாட்டேன்.”

செய்யாத தப்புக்கு மன்னிப்பு. அதையும் அவள் தலையாட்டி வாங்கிக்கொண்டாள். தன்னைத் தள்ளிவைக்காமல் விட்டானே, அதுவே பெரிய விஷயமாக இருந்தது அவளுக்கு.

டாக்டரம்மா மருந்துச் சீட்டை நீட்டினார்.

“ஆபரேஷனுக்கு முன்னாடி இந்த மாத்திரை. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சாப்பிடணும். ஒருத்தர் சாப்பிட்டு இன்னொருத்தர் விட்டா, விட்டவங்களுக்குள்ள கிருமி இருந்துக்கிட்டேதான் இருக்கும்.”

அவன் சீட்டை வாங்கி மாத்திரையின் பெயரைப் படித்தான். நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது.

“எனக்கு எதுக்கு டாக்டர்? இவளுக்கு மட்டும் போதும்.”

“ஏன், உங்களுக்குக் கிருமி இருக்காதுன்னு எப்படிச் சொல்றீங்க?”

பயத்தில் அவன் வாய் முந்திக்கொண்டது.

“கல்யாணமான புதுசுலயே கடையிலேர்ந்து இதே மாத்திரையை எடுத்துச் சாப்பிட்டு, எனக்குச் சரியாயிடுச்சே டாக்டர்!”