மான்கொம்புக் கத்தி

"அந்தக் கத்திய மட்டும் இன்னைக்கு வெளியில எடுத்துடாத, ஆகி. என் பொண்டாட்டி கண்ணுல பட்டுது, நான் செத்தேன்."

வெண்டல் மெனு அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னார். ஆகி என்ற அந்தத் தலைமை சர்வர், தண்ணீர் ஊற்றும் சாக்கில் அவர் காதருகே குனிந்தார்.

"அதான் போன்லயே சொல்லிட்டீங்களே சார். அலமாரியில அடித்தட்டுக்குத் தள்ளி, மேல ஒரு துணியும் போட்டு மூடிட்டேன். செவ்வாய் ஒரு நாள்தான் எனக்கு லீவு. மத்த நாள்ல என்னை மீறி இங்க எதுவும் நடக்காது."

"நீ என்னைப் பார்த்ததே இல்ல. ஞாபகம் இருக்கட்டும்."

"யார் சார் நீங்க?" என்றார் ஆகி.

கன்சாஸ் சிட்டியில் நூற்றுப் பத்து வருஷமாக நடக்கும், மாட்டிறைச்சிக்குப் பேர்போன அந்த ஸ்டேக் ஹவுஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. அங்கே நூறு முறை சாப்பிட்டவருக்கு, மான்கொம்புப் பிடியில் பெயர் செதுக்கிய கத்தி ஒன்று சொந்தமாகிவிடும். ஆள் வந்து உட்கார்ந்ததும் அதைச் சிவப்பு வெல்வெட் விரித்த தட்டில் வைத்துக் கொண்டுவருவார்கள். பக்கத்து மேஜைக்காரர்கள் கரண்டியால் கிளாஸைத் தட்டி மரியாதை செய்வார்கள். ஊரில் எத்தனையோ பேர் அதற்காகத் தவம் கிடக்கிறார்கள். வெண்டலோ தன் பெயர் செதுக்கிய கத்தி இன்று வெளியே வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதய ஆபரேஷன் முடிந்து அவர் கண் விழித்ததும், மார்ஜரி முதல் வேலையாக அவர் கையை எடுத்து பைபிள் மேல் வைத்தாள். இனி மாட்டிறைச்சியைத் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். "நீ தொட்டேன்னு தெரிஞ்சா அன்னைக்கே துல்சாவுல இருக்கற என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள். அதோடு விட்டாளா? நீ சாப்பிடாதது எனக்கும் வேண்டாம் என்று தன் கையையும் பக்கத்தில் வைத்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் வேகவைத்த காலிஃப்ளவரும் உப்பில்லாத மீனும்தான். அவளோ செவ்வாய்தோறும் சர்ச்சில் ஏழைகளுக்குப் போர்வை தைக்கும் புண்ணியவதி. இவர் வியாழன்தோறும் பவுலிங் விளையாடப் போகிறேன் என்று கிளம்பி, இங்கே வந்து அரை கிலோ ஸ்டேக்கை வெளுத்துக்கட்டுகிற பாவி. வீட்டுக்குப் போய், தனக்காகப் பத்தியம் இருக்கும் மனைவியின் முகத்தைப் பார்த்தால் அவமானமாக இருக்கும். அடுத்த வியாழன் வரைக்கும் அது இருக்கும்.

நாற்பதாவது கல்யாண நாளுக்கு இங்கேதான் போகவேண்டும் என்று அவர்கள் மகள் அடம்பிடித்து இருவருக்கும் மேஜை பதிவு செய்துவிட்டாள். ஒரே ஒரு நாள் பரவாயில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். மீன் கடைக்கே போகலாமே என்று மார்ஜரிகூடச் சொல்லிப் பார்த்தாள், மகள் கேட்கவில்லை.

கை கழுவப் போன மார்ஜரி அதற்குள் திரும்பி வந்துவிட்டாள். கை கழுவும் அறையின் கதவு, பாருக்குப் பின்னால் பழைய புகைப்படங்களுக்கு நடுவே, புதிதாக வருபவர் கண்ணில் படாமல் சுவரோடு சுவராக இருக்கும். முதல் நாள் அதைத் தேடிப் போய்ச் சமையலறைக்குள் நின்றவர் வெண்டல்.

"உனக்கு உள்ளங்கை அளவு துண்டு போதும், வெண்டல். ஆசைப்படாத."

"உனக்கு?"

"எனக்கும் அவ்வளவுதான். மூணு வருஷம் ஆச்சே, பல்லுக்கே மறந்துபோயிருக்கும்."

வெண்டலுக்கு நெஞ்சு கரைந்துபோயிற்று. இப்படி ஒருத்தியையா ஏமாற்றினோம் என்று மேஜைக்கடியில் தன் தொடையையே கிள்ளிக்கொண்டார்.

அப்போதுதான் கிளாஸ் தட்டும் சத்தம் கேட்டது. முதலில் ஒரு மேஜை, பிறகு பக்கத்து மேஜை, பிறகு கூடம் முழுக்க. வெண்டல் அதுவரை பார்த்திராத மீசைக்கார சர்வர் ஒருவர், சிவப்புத் தட்டை ஏந்திக்கொண்டு நேராக இவர்களை நோக்கி வந்தார்.

வெண்டல் வாசல் பக்கம் பார்த்தார். அங்கே நின்ற ஆகி, முகம் வெளுத்து, இரண்டு கையையும் விரித்தார்.

இனி மறைத்து என்ன பயன்? தட்டு வந்து சொல்வதற்குள் தானே சொல்லிவிடுவது மேல்.

"மார்ஜரி, என்னை மன்னிச்சிடு. நான் பவுலிங்கே போகல. வியாழக்கிழமை ஆனா இங்கதான் வருவேன். மூணு வருஷமா."

மார்ஜரியின் முகம் சிவந்தது.

"பைபிள்ல வெச்ச கைதானே இது? நான் ஒருத்தி நாக்கைக் கட்டிப்போட்டுக்கிட்டு காலிஃப்ளவரைத் தின்னுட்டிருக்கேன், நீ இங்க வந்து மூக்குப்பிடிக்கத் தின்னியா? நாற்பது வருஷம் உன்னோட குடும்பம் நடத்தினதுக்கு இதான் மரியாதையா? விடியட்டும், நான் துல்சா போறேன்!"

வெண்டல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. நாற்பது வருஷத்தை ஒரு துண்டு இறைச்சிக்காகத் தொலைத்துவிட்டோமே என்று நிஜமாகவே வேதனைப்பட்டார்.

சிவப்புத் தட்டு அவரைத் தாண்டிப் போனது. மீசைக்காரர் அதை மார்ஜரியின் முன்னால் வைத்து, தலைவணங்கிச் சொன்னார்:

"உங்க கத்தி, மேடம். நீங்க செவ்வாய்க்கிழமை உக்கார்ற மேஜைதான் இன்னைக்குக் காலியில்லை."