காது வைத்த கத்திப் பெட்டி

"ஊர்ல எல்லாரும் நகைக்குத்தான் பூட்டு போடுவாங்க. உங்க தம்பி கத்திக்குப் போடுறார் அண்ணி!"

அத்தை சொன்னது அம்மாவிடம். குத்து விழுந்தது மாமாவுக்கு.

மாமா காதில் வாங்கவில்லை. ஹால் சுவரில் புதுப் பெட்டி ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே கறுப்பு வெல்வெட். ஒவ்வொரு கத்திக்கும் தனிப் பள்ளம், நழுவாமல் இழுத்துப் பிடிக்கக் காந்தப் பட்டை. மீன் கத்தி, மடக்குக் கத்தி, பிறை மாதிரி வளைந்த கத்தி என்று மாமா ஆசை ஆசையாகச் சேர்த்ததெல்லாம் நேற்றுவரை பழைய துண்டில் சுருட்டிக் கட்டிலுக்கடியில் கிடந்தது. அங்கே பெருக்கப் போய் அத்தை விரலைக் கிழித்துக்கொண்ட பிறகுதான் மாமாவுக்கு இந்த ஞானோதயம்.

அத்தையிடம் இருப்பது ஒரே கத்தி. பிடி உடைந்து கயிறு சுற்றியது. தக்காளியை அது வெட்டாது, நசுக்கும்.

"இது குரல் பூட்டு சார்," என்றார் மாட்ட வந்த மெக்கானிக். "நீங்க வைக்கிற வாக்கியத்த உங்க குரல்ல சொன்னாத்தான் திறக்கும். ஆனா இதுக்கு எப்பவும் காது திறந்தே இருக்கும். அதனால, வீட்டுல நீங்க சொல்லவே சொல்லாத ஒண்ணாப் பார்த்து வைங்க. இல்லைன்னா பேச்சுவாக்குல வாயப் பொளந்துக்கும்."

மாமா எங்களை விரட்டிவிட்டு ஹால் கதவைச் சாத்திக்கொண்டார்.

சற்று நேரத்தில் மெக்கானிக் வெளியே வந்தார். அத்தையைப் பார்த்தார். வந்த சிரிப்பை அப்படியே விழுங்கிக்கொண்டு, பையைத் தூக்கி ஓடியே போய்விட்டார்.

"பேங்க்ல அத்தனை லாக்கருக்கும் நான்தான் பொறுப்பு. என் பூட்ட எவன் திறப்பான்?" மாமா மீசையை நீவினார்.

"நான் திறப்பேன்!" என்றேன். அதுவும் மாமா குரலில்.

அம்மா குடித்துக்கொண்டிருந்த காபி மூக்கில் ஏறியது. எனக்கு இந்த வீட்டில் 'ரேடியோ' என்று பெயர். காய்கறிக்காரர், எங்கள் ஹெட்மாஸ்டர், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை, எல்லா ஸ்டேஷனும் எடுக்கும்.

"அடியே ரேடியோ, பந்தயமா? மத்தியானம் சாப்பிட்டு நான் கை கழுவுறதுக்குள்ள திறந்து காட்டு!"

"திறந்தா, அத்தை எது கேட்டாலும் குடுக்கணும்!"

"எது கேட்டாலும்! தோத்தா, லீவு முடியுறவரைக்கும் உன் சொந்தக் குரலத் தவிர ஒரு குரல் வரக் கூடாது."

சொந்தக் குரலா? அது எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்திருந்தது.

அத்தை காதோடு சொன்னாள்: "கண்ணு, தக்காளிக்கு ஆகுற மாதிரி ஒண்ணு வாங்கிக் குடு. போதும்."

ஆரம்பித்தேன். மாமா சொல்லவே சொல்லாதது என்றால் பஞ்சமா?

"தப்பு என் மேலதான்!"

பெட்டி அசையவில்லை.

"ரிமோட்ட நீயே வச்சுக்கோ!"

ம்ஹூம்.

"துணி நான் காயப்போடுறேன்!"

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்!"

"அய்யோ, என் தம்பியேதான்!" என்று கன்னத்தில் கை வைத்தாள் அம்மா. பெட்டி மட்டும் கல்லுளிமங்கனாய் நின்றது. மாமா நாற்காலியில் சாய்ந்து, தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

சாப்பாட்டு நேரமும் வந்துவிட்டது. மாமா வழக்கம்போல வழித்துச் சாப்பிட்டார். வழக்கம்போல "ம்" என்று தட்டை நகர்த்தினார். அத்தை ஒரு நொடி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு காலிப் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

"முடிஞ்சுதா ரேடியோ? கை கழுவப் போறேன்."

சரி, ஸ்டேஷன் மூடுவதற்கு முன்னால் கடைசியாக ஒன்று. பெட்டிக்கு இல்லை, அத்தைக்கு. சமையலறைப் பக்கம் திரும்பி, மாமா குரலிலேயே கூப்பிட்டுச் சொன்னேன்:

"இன்னைக்குச் சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சு!"

உள்ளே குழாய்த் தண்ணீர் நின்றது.

"நிஜமாவா சொல்றீங்க?" அந்தக் குரலை நான் இதுவரை கேட்டதில்லை. எனக்கு வரவும் வராது.

'டக்!'

சுவரில் பெட்டி மெல்லத் திறந்துகொண்டது. உள்ளே அத்தனை கத்தியும் பளபளவென்று பல்லைக் காட்டின.

"திறந்துருச்சு! திறந்துருச்சு!" நான் குதித்த குதியில் தம்ளர் உருண்டது.

அம்மா குதிக்கவில்லை. "சொல்லவே சொல்லாததுன்னு இதத்தான் வச்சியாடா?"

"அது... ஒரு பாதுகாப்புக்குத்தான் அக்கா..." மாமாவின் எச்சில் கை அந்தரத்தில் நின்றது.

ஈரக் கையோடு வந்த அத்தை பெட்டியைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எடுத்துக்க. எது வேணாலும்..." என்றார் மாமா தரையைப் பார்த்துக்கொண்டு.

அத்தை விரல் ஒவ்வொரு கத்தியாகத் தாண்டிப் போய், நேரான ஒன்றின் மேல் நின்றது. பிறகு, எதையும் எடுக்காமல் பெட்டியைச் சாத்தினாள்.

"எது கேட்டாலும்தானே? பூட்ட மாத்தாம, இத அப்படியே சமையலறையில மாட்டிக் குடுங்க. காய் நறுக்கும்போதெல்லாம் கூப்பிடுறேன், வந்து திறந்துவிடுங்க."