முட்டை அறைக்கு ஒரு துளை

கரையான் புத்தகத்தைத் தின்னுமே தவிரப் படிக்காது என்று உலகம் நம்பிவருகிறது. இது வன்மையாகக் கண்டிக்கத்தக்க பிழை. முதலில் படிக்கும், பிறகுதான் தின்னும். புற்றுக்குள் அவற்றுக்கு ஒரு பொறியியல் கல்லூரியே உண்டு. தின்றவை எல்லாம் ஆங்கிலப் புத்தகங்கள் என்பதால், பாடமும் ஆங்கிலத்திலேயே நடக்க வேண்டும் என்பது முதல்வர் அம்மாவின் கட்டளை.

பூவரசி அங்கே படிக்கும் மாணவிக் கரையான். மறுநாள் முட்டை அறைக்கு அவள்தான் காற்றுத்துளை போட வேண்டும். தப்பான இடத்தில் போட்டால் முட்டைகள் வெந்துபோகும்.

துளை எங்கே வரும் என்று பேராசிரியர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஹாட் ஏர் ரைசஸ், சார்" என்று கடகடவென ஒப்பித்துவிட்டு, தரையோரமாகக் காட்டினாள்.

பேராசிரியர் தலையில் ஆறு கால்களையும் வைத்துக்கொண்டார். பிறகு முதல்வர் காதில் விழாதபடி, வழக்கம்போல வகுப்பின் கூரைத் துளையை ஈரமண்ணால் அடைத்துவிட்டு, வீட்டுப் பேச்சில் சொன்னார்: "அம்மாடி, சூடான காத்து லேசு. மேலே ஓடும். அது ஓட வழி விடணும். ரைசஸ்னா அதுதான்."

பூவரசி புழுக்கத்தில் கூரையைப் பார்த்தாள். "அப்போ நாம இப்ப எதை அடைச்சிருக்கோம், சார்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஏற்கெனவே வெளுத்திருந்த பேராசிரியர் இன்னும் வெளுத்துப்போய், மண்ணைச் சுரண்டி எடுத்தார். துளையில் முதல்வரின் முகம் தெரிந்தது.

"அங்கே எந்த மொழியில பாடம்?"

"ரெண்டுலயும், மேடம்" என்றாள் பூவரசி.

முதல்வர் அவளிடமே கேட்டார். "முட்டை அறைத் துளை எங்கேம்மா வரும்?"

"கூரையில, மேடம். சூடான காத்து லேசு."

முட்டைகள் எல்லாம் நல்லபடியாகப் பொரிந்தன. அந்தப் பருவத்தில் கல்லூரிக்கு வாங்கிய ஈரமண், கூரைத் துளையை அடைக்க யாருக்கும் தேவைப்படாமல், அப்படியே மிஞ்சிவிட்டது.