எனக்கும் மஞ்சள்

கணினித் திரையில் ஒரு வரைபடம் இருந்தது. அதிலுள்ள ஊர்களுக்கு நிறம் ஊற்றுவது வண்ண வாளியின் வேலை. படத்தில் எல்லைக்கோடே கிடையாது. நிறம் மாறுகிற இடம்தான் எல்லை. அதனால் பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கு ஒரே நிறம் கூடாது என்பதில் வாளி கறாராக இருந்தது.

தட்டாம்பாறைக்கு மஞ்சள் ஊற்றியதும், அதை ஒட்டியிருந்த நெல்லிமேடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது.

"அவனுக்கு மட்டும் மங்களகரமா மஞ்சள், எனக்குச் சாம்பலா? நான் என்ன இளப்பமா?"

"எல்லை அழிஞ்சு போயிடும்ப்பா" என்றது வாளி.

"அதை நான் பாத்துக்கிறேன். நீ ஊத்து."

நச்சரிப்பு தாங்காமல் வாளி மஞ்சளையே ஊற்றித் தொலைத்தது. நெல்லிமேட்டுக்குத் தலைகால் புரியவில்லை.

சற்று நேரத்தில் படத்தைச் சரிபார்க்க வந்த அம்புக்குறி, "ஒரே ஊருக்கு எதுக்கு ரெண்டு பேரு?" என்று முணுமுணுத்தபடி 'நெல்லிமேடு' என்ற பெயரை அழித்துவிட்டுப் போனது.

"அண்ணே, எனக்குச் சாம்பலே போதும். சீக்கிரம் ஊத்துங்கண்ணே" என்று அலறியது நெல்லிமேடு.

வாளிக்கு மனசு கேட்கவில்லை. சாம்பலை நிரப்பிக்கொண்டு ஓடி வந்தது. தட்டாம்பாறை குறுக்கே வந்து நின்றது.

"நில்லுப்பா. என் ஊருக்குள்ள எதுக்குச் சாம்பலைக் கொட்டுற?"